ராணி வீட்டு வாசலும் நூற்றுக்கு ஐந்தும்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அந்தத் தவளையை விட மோசம், என் வாயால் அடுத்தவளைக் கெடுத்தேன். அதனால்தான் ராணியின் கதையை நானே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிவிடப் போகிறார்கள்.

என் பெயர் செலின். ஆவடியில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சைக்கிள் மணிக்கு மூடி அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நானும் ராணியும் ஏழு வருஷம் பக்கத்துப் பக்கத்து பிரஸ் மிஷினில் உட்கார்ந்திருந்தோம். தகட்டை வைக்க வேண்டும், மிதியை மிதிக்க வேண்டும், மேலிருந்து அச்சு இறங்கி 'டங்' என்று அடிக்கும், மூடியை எடுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் 'டங்' என்று எங்கள் காதைத்தான் கேட்க வேண்டும். ராணி பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். காலையில் ஆவடி ஸ்டேஷனில் எனக்காக நிற்பாள். பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்போம். வழியெல்லாம் நான் பேசுவேன், அவள் சிரிப்பாள். எங்கள் சிநேகிதம் அப்படிப்பட்டது.

அவள் புருஷன் லோகநாதனைச் சொல்லாமல் ராணியைச் சொல்ல முடியாது. ஏரிக்கரையில் குத்தகை நிலத்தில் கீரை போடுகிறவர். விடியும் முன்னே எழுந்து கீரையைப் பிடுங்கிக் கட்டி, சைக்கிளில் ஆவடி மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவார். ஆள் ஓங்குதாங்கு. ஆடி மாசம் அம்மன் கோயிலில் சிலம்பம் சுற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது. மீசை மட்டும் தெரியும். அந்தத் தெருவில் நாலு பேர் சண்டை போட்டால் அவர் வந்து நின்றாலே போதும், சண்டை அடங்கிவிடும். இவ்வளவு பெரிய மீசைக்காரர் ராணியிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாசம் ராணியின் கை மிஷினில் மாட்டியது. விரல் மாட்டாமல் இருக்க மிஷினில் வைத்திருந்த மறைப்புத் தகட்டை, வேலை ஓட மாட்டேன் என்கிறது என்று எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். நானும் கழற்றச் சொன்னவர்களில் ஒருத்திதான். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அச்சு இறங்கிவிட்டது. ராணி கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளி மிஷினுக்குப் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டினார். மிஷினுக்குத் திருஷ்டி கழிந்தது. மறைப்புத் தகட்டை மட்டும் யாரும் எடுத்து மாட்டவில்லை.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் விரலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்தப் புண்ணியவான்களைக் குறை சொல்ல மாட்டேன். விரல் ஐந்தும் இருந்தது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது. வேலித் தகராறில் பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி தள்ளியே நின்றன. மற்ற மூன்று விரலும் நன்றாக மடங்கும். பக்கெட்டைத் தூக்குவாள், பையைப் பிடிப்பாள். ஊசியை எடுக்கவோ, உப்பைக் கிள்ளிப் போடவோ முடியாது. தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டக்கூட ஆள் வேண்டும். கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பியபோது பிரஸ்ஸில் உட்கார வைக்காமல், அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் விட்டார்கள். அங்கே கூலி குறைவு.

அந்த வருஷம் மார்கழியில் ஓர் அதிசயம் நடந்தது. பருத்திப்பட்டு இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் தெருத் தெருவாகப் போய் வாசல் கோலம் பார்த்து மார்க் போட்டார்கள். பொங்கலன்று மேடையில் ராணிக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம். 'ராணி' என்று கழுத்தில் பெயர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். கேள்விப்பட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கை குணமாகிவிட்டது, மாதா கைவிடவில்லை என்று சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். ராணியிடம் கேட்டதற்கு, "ஏதோ போட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன்.

சித்திரையில் ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கையில் எவ்வளவு பாதிப்பு என்று டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்து, சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு இத்தனை போய்விட்டது என்று எழுதுவார்கள். எங்கள் சூப்பர்வைசர் ஜானகிராமன் ராணியைக் கூப்பிட்டார்.

"இத பாரு ராணி, போர்டுல ஊனம்னு எழுதிட்டாங்கன்னா அத்தோட சரி. மொதலாளி கணக்க முடிச்சி அனுப்பிடுவாரு. கை நல்லா கீதுன்னு சொல்லிட்டு வந்துடு."

அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருந்தார்களோ, முதலாளி சொல்லச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. நாங்கள் நம்பினோம். நம்பினதோடு விடாமல் பரீட்சைக்குப் படிப்பது போல ஒரு வாரம் தயார் செய்தோம். சாப்பாட்டு நேரத்தில் ராணி என் கையைப் பிடித்து நெரிப்பாள். டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டுவாள். பொத்தானை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், பீடி பிடிப்பது போலக் கவ்வி எடுக்கப் பழகினாள். "பாஸ் பண்ணிடுவ" என்றேன் நான்.

போர்டில் மூன்று டாக்டர்கள். துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். பெரிய டாக்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். கையைப் பிடிக்கச் சொன்னார். ராணி மூன்று விரலால் நெரித்தாள். பொத்தானை எடுக்கச் சொன்னார். பீடி வித்தையைக் காட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டைவிரலைத் திரும்பவும் மடக்கிப் பார்த்தார்.

"ஊட்டு வேலையெல்லாம் யாரும்மா செய்றது?"

"நான்தாங்க."

அவர் இன்னும் விரலை விடவில்லை. ஊனம் என்று எழுதிவிடுவாரோ, இவள் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். கை சும்மா இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காதே.

"சார், இவ கோலத்துக்குப் போன பொங்கலுக்கு மொதப் பரிசு சார்! எவர்சில்வர் கொடம் குடுத்தாங்க!"

மூன்று டாக்டர்களும் சிரித்துவிட்டார்கள். பெரிய டாக்டர், "பரவாயில்லையே" என்று கையை விட்டுவிட்டு ஏதோ எழுதினார். ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நன்றியாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. நூற்றுக்கு ஐந்து. ஐந்துதான் போச்சு, தொண்ணூற்றைந்து நல்லா இருக்கு என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். ஊரில் யாராவது தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு இனிப்பும் கொடுத்ததுண்டா? நாங்கள் கொடுத்தோம்.

எங்கள் சர்ச் பங்கில் கிறிஸ்துராஜ் என்று ஓர் அண்ணன் இருந்தார். பெரிய பேக்டரியில் யூனியன் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது இந்தச் சந்தோஷ சமாச்சாரத்தை அவரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் செலினு, இத இன்னா பரீட்ச மார்க்குன்னு நெனச்சிக்கினியா? எவ்ளோ போச்சின்னு எழுதறாங்களோ அவ்ளோதான் அவளுக்கு மாசாமாசம் ஆயுசுக்கும் பணம் வரும். அஞ்சின்னா அஞ்சுக்குத்தான் வரும்."

"வேல போயிடும்னாங்களேண்ணே?"

"எந்த மடையன் சொன்னான்? இது வேலைக்குப் போனாலும் வரும், போவலன்னாலும் வரும். அவ கை போனதுக்குக் குடுக்கறது. அவ சம்பளத்துல இருந்து ஈ.எஸ்.ஐ.க்கு சந்தா கட்டிக்கினு வந்தா இல்ல, அதுக்குக் குடுக்கறது. மொதலாளி பாக்கெட்ல இருந்து ஒரு காசு போவாது. ஊனம்னு எழுதனா அவ ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்னு அர்த்தம் இல்லம்மா. பாதி கெட்டு பாதி நல்லா இருக்கறவங்களுக்குத்தான் அந்தச் சட்டமே."

மூணு மாசத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், நானே எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன் என்றார். நான் அன்று மத்தியானமே பருத்திப்பட்டுக்கு ஓடினேன். ராணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "வாணாம்க்கா, வுட்டுடு" என்றாள்.

"ஏன் வாணாம்? உப்பக் கிள்ள முடியல, ஊக்கு மாட்ட முடியலன்னு எழுதலாம்."

"அப்ப கோலம் யாரு போட்டான்னு கேப்பாங்களே."

"நீதான் போட்ட. ஏதோ அன்னிக்குக் கை ஒத்துழைச்சிச்சின்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்த நான் நிறுத்திவிட்டேன். உப்பைக் கிள்ள முடியாத விரலால் கோலப்பொடி எப்படி இழையும்? பொங்கலிலிருந்து இத்தனை மாசமாக இந்தக் கேள்வி என் மண்டையில் உதிக்கவில்லை.

ராணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவள் வாசல் தெளித்துக் கோலம் போடப் போயிருக்கிறாள். பொடி கட்டிகட்டியாக விழுந்திருக்கிறது. நாலு தரம் பெருக்கித் தள்ளிவிட்டு நாலு தரம் போட்டுப் பார்த்திருக்கிறாள். கோலமில்லாத வாசல் என்றால் அந்தத் தெருவில் எழவு வீடு என்றுதான் அர்த்தம். எதிர்வீட்டு முனியம்மா கதவைத் திறக்கிற நேரம். கீரைக் கட்டோடு கிளம்பிய லோகநாதன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, கோலப்பொடி டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி, குந்தி உட்கார்ந்து நாலு புள்ளி வைத்து இழுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் அவர்தான். தெரு எழுவதற்கு முன்னே போட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். கீரை விதையை மணலோடு கலந்து தூவிப் பழகின கை. பொடி அவர் பேச்சைக் கேட்டது. மார்கழி வந்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. இருபத்தொரு புள்ளி, தேர், தாமரை என்று தினம் ஒன்று. பரிசு வரும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

"பரிசு வாங்கப் போறப்ப எனக்குக் காலே வரலக்கா. அவருதான் போய் வாங்கினு வான்னு தள்ளி வுட்டாரு. கீழ நின்னுகினு கையத் தட்டறாரு. வெளிய தெரிஞ்சா ஆம்பள கோலம் போடறான்னு தெருவே சிரிக்கும். அவரு மீசைக்கு ஒரு கொறச்சல் வந்து எனக்கு அந்தப் பணம் வாணாம்."

என் வாயை நான் முதன்முதலாக வெறுத்தது அன்றுதான். நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

விஷயத்தைக் கேட்ட கிறிஸ்துராஜ் அண்ணன், "கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆசன்னா எப்டி? எதுனா ஒண்ணுதான்" என்றார். ஆனாலும் மனு எழுதினார். நான் ராணியிடம் கெஞ்சி, கையெழுத்து மட்டும் போடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கினேன். இடது கையால் போட்டாள்.

அப்புறம் நடந்ததை ராணிக்கு நான் வெகு நாள் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் லோகநாதன் முன்னால் நின்றேன். அரைக்கீரை இரண்டு கட்டு வாங்கினேன். காசைக் கொடுத்துவிட்டு, போர்டில் நான் உளறியதையும், அதனால் ஐந்து என்று எழுதியதையும், மேல்முறையீட்டில் இந்தக் கோலத்தைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதையும், அதற்காகவே ராணி வேண்டாம் என்கிறாள் என்பதையும் சொன்னேன். "ஒங்க ஊட்டு விஷயம் அண்ணாத்தே, மன்னிச்சிக்கோங்க" என்றேன். அவர் வேறு யாருக்கோ கீரை கட்டிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டு முடிந்ததும் நிமிர்ந்து, "தேதி இன்னா?" என்று மட்டும் கேட்டார்.

எண்பத்தொன்பது பங்குனியில்தான் மேல்முறையீட்டு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஜட்ஜ், பக்கத்தில் ஒரு டாக்டர். ராணி, நான், கிறிஸ்துராஜ் அண்ணன். லோகநாதன் கடைசி பெஞ்சில், சலவை வேட்டியும் கீரை வாசனையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் வந்திருக்கிறார் என்று ராணிக்குத் தெரியாது. துணைக்கு வந்திருப்பதாக நினைத்தாள்.

ஈ.எஸ்.ஐ. ஆபீஸ் தரப்பு ஆள் எழுந்து போர்டு எழுதியதைப் படித்தார். வீட்டு வேலைகளைத் தானே செய்கிறார், கோலப் போட்டியில் முதல் பரிசு பெற்றுள்ளார் என்று அதில் இருந்தது. படித்துவிட்டு, இதற்கு மேல் என்ன சொல்ல என்பது போல உட்கார்ந்தார்.

"உண்மையாம்மா?" என்றார் ஜட்ஜ்.

ராணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்தேன். "ஐயா, அதச் சொன்னது நான்தாங்க. எனக்கு அன்னிக்கு விஷயம் தெரியாதுங்க..."

"என்ன விஷயம்?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

"அந்தக் கோலம் நான் போட்டதுங்க" என்றார் லோகநாதன்.

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு, உடனே இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார். ஜட்ஜ் சிரிக்கவில்லை. மீசையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "நீங்களா?" என்றார்.

"ஆமாங்க. அவ கை போனதுல இருந்து நான்தாங்க போடறேன். ஒன்ற வருசமாச்சி. பரிசு என் கோலத்துக்குத்தாங்க. அவ கைக்கு இல்ல."

"போட்டுக் காட்ட முடியுமா?"

ஒரு சாக்பீஸ் கொடுத்தார்கள். லோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் குந்தினார். சிவப்புத் தரையில் புள்ளி வைத்தார். பதினைந்து, பதின்மூன்று, பதினொன்று என்று குறைந்துகொண்டே போய் ஒன்றில் நின்றது. அப்புறம் கையை எடுக்காமல் இழை இழுத்தார். இழை புள்ளிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தது. டைப் அடிப்பவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். சாக்பீஸை வாங்கி ராணியிடம் கொடுத்து, "நீங்க இதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு கோடு போடுங்கம்மா. பீடி பிடிக்கிற மாதிரி வேணாம். கோலம் போடற மாதிரி பிடிங்க" என்றார். விவரம் தெரிந்த மனுஷன்.

ராணி குனிந்தாள். சாக்பீஸ் விழுந்தது. எடுத்தாள், விழுந்தது. மூன்றாம் தரம் கட்டைவிரல் நடுங்கி நடுங்கி ஆள்காட்டி விரலைத் தொடப் பார்த்தது. அரை அங்குலம் இடைவெளி. அந்த அரை அங்குலத்தை அவளால் கடக்க முடியவில்லை. லோகநாதனின் கை தானாகவே உதவிக்கு நீண்டு, பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. அவர் உதவி செய்தால் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டிருந்தவரைப் போல அன்பானவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

டாக்டர் தரையிலேயே மண்டிபோட்டு அவள் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "போதும்மா, எழுந்திருங்க" என்றார்.

முடிவு ஒரு மாசத்தில் வந்தது. நூற்றுக்கு இருபத்தைந்து. இந்தத் தடவை மைசூர்பாகு வாங்க என்னை யாரும் அனுமதிக்கவில்லை. ராணி அதே கம்பெனியில் அதே பெட்டியைத்தான் ஒட்டினாள். யாரும் அவளை அனுப்பவில்லை. அவளுக்கு வரவேண்டியது வரத் தொடங்கி, இப்போது இத்தனை வருஷம் கழித்து நான் எழுதும்போதும் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. ஜட்ஜ் முன்னால் கோலம் போட்டதற்கு மறுநாள், லோகநாதன் வழக்கமான நேரத்தில் கோலம் போடவில்லை. கீரையைக் கட்டி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். வெயில் வந்து, அடிபம்புக்குப் பெண்கள் குடத்தோடு வரிசை கட்டின பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து குந்தினார். முனியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாளாம். தெரு சிரித்ததா என்றால், சிரித்ததுதான். ஒரு வாரம் சிரித்தது. சிலம்பக்காரனுக்குக் 'கோலக்காரன்' என்று பேர் வைத்தது. அதற்கப்புறம் அந்த மார்கழியில் தேர்க்கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டுக்கொண்டு அவரிடமே வந்து நின்றது.

முடிவு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நான் பருத்திப்பட்டுக்குப் போனேன். ராணி பம்படியில் நின்றாள். இடுப்பில் பரிசு வாங்கின எவர்சில்வர் குடம். குடத்தின் கழுத்தில் 'ராணி' என்று இருந்ததற்கு மேலே, புதுசாக, பளபளவென்று இன்னொரு பெயர் வெட்டியிருந்தது. முனியம்மாவுக்குப் படிக்க வராது. ஆனால் எழுத்து கூடியிருப்பது தெரிந்துவிட்டது.

"இன்னா ராணி, கொடத்துல இன்னாத்த வெட்டிக்கினு வந்துகீற?"

"அவரு பேருக்கா. ஆவடி கடையில குடுத்து வெட்டினேன்."

"பரிசு ஒன்னோடுதுதானே? அவரு பேரு எதுக்கு?"

ராணி குடத்தை இடது கையால் ஏந்திப் பம்புக்கு அடியில் வைத்தாள். நிறைந்ததும் மூன்று விரலால் கழுத்தைப் பிடித்துத் தூக்கி இடுப்பில் ஏற்றினாள்.

"பரிசு அவுரோடுதுக்கா" என்றாள். "நான் தூக்கிக்கினு வரேன், அவ்ளோதான்."